முதல் ஏக்கரை மண்ணுக்குக் கொடுங்கள்: ஊர் திரும்பும் இளம் உழவர்களுக்கு

நகரத்து வேலையை விட்டு நிலத்துக்குத் திரும்பும் இளைஞர்கள் பலர் முதலில் ஒரு பீப்பாயை வாங்கி, சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு ஆகியவற்றைப் புளிக்கவைக்கும் நுண்ணுயிர்க் கரைசலான ஜீவாமிர்தம் கரைக்கத் தொடங்குகிறார்கள். அது தவறன்று, ஆனால் மட்கே இல்லாத நிலத்தில் நுண்ணுயிர்களைக் கொண்டுபோய் ஊற்றினால் அவற்றுக்கு அங்கே உணவு இருக்காது. ஆகவே இக்குறிப்புகள் கரைசல்களைப் பற்றியவை அல்ல. கரூர், திண்டுக்கல் பக்கத்து மேட்டு நிலங்களைப் போன்ற, நெடுங்காலமாக இரசாயன உரத்தையும் உழவையும் மட்டுமே கண்ட செம்மண் நிலத்தில் முதல் ஆண்டைத் தொடங்குவது பற்றியவை.

குடும்பத்தின் முழு நிலத்தையும் ஒரே பட்டத்தில் மாற்றாதீர்கள். கண்ணுக்கு எதிரே, தினமும் நடந்து போகும் தொலைவில் ஓர் ஏக்கரைத் தேர்ந்தெடுங்கள். மற்ற நிலத்தின் வருமானம் வந்துகொண்டிருந்தால்தான், ஒரு பருவம் விளைச்சலில்லாமல் மண்ணுக்கு விடுவதற்கு வீட்டுப் பெரியவர்கள் மனம் ஒப்புவார்கள்.

விதைப்பதற்கு முன் மண் மாதிரி எடுக்க வேண்டும். பத்துப் பதினைந்து இடங்களில் மேலே கிடக்கும் குப்பையை நீக்கி, அரையடி ஆழத்திற்கு ஆப்பு வடிவில் வெட்டி, குழியின் பக்கவாட்டில் மேலிருந்து கீழாகச் சீராக மண்ணைச் சுரண்டிச் சேர்த்து, நன்கு கலந்து, நான்காகப் பகுத்து எதிரெதிர்ப் பாகங்களை ஒதுக்கிக்கொண்டே வந்தால் அரைக் கிலோ மிஞ்சும். வரப்போரம், எருக்குழி, மரநிழல் ஆகிய இடங்களைத் தவிர்த்துவிடுங்கள். மாதிரியை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து, முடிவு வந்ததும் அங்ககக் கரிமத்தை, அதாவது மட்கிய தாவர, விலங்குக் கழிவுகளிலிருந்து மண்ணில் சேர்ந்த கரிமத்தின் அளவைப் பாருங்கள், அது 0.5 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் குறைவு என்று பொருள். வீட்டிலேயே ஒரு சோதனையும் உண்டு: காய்ந்த மண்கட்டி ஒன்றைக் கண்ணாடிக் குவளை நீரில் மெல்ல இறக்குங்கள். உயிருள்ள மண் நெடுநேரம் கட்டியாகவே நிற்கும். களைத்த மண் சில நிமிடங்களில் பொலபொலவென்று கரைந்துவிடும்.

அடுத்தது பல தானிய விதைப்பு: பல வகை விதைகளைச் சேர்த்து வளர்த்து, அறுவடை செய்யாமல் மண்ணுக்கே உரமாக மடக்கி உழுவது. இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று பரப்பிய முறைகளுள் இதற்கு இணையாக மலிவானதும் பயனுள்ளதுமான ஒன்றை நான் கண்டதில்லை. சோளம், கம்பு, தினை போன்ற தானியங்கள். உளுந்து, பாசிப்பயறு, தட்டைப்பயறு போன்ற பயறுகள். எள், ஆமணக்கு, நிலக்கடலை போன்ற எண்ணெய் வித்துக்கள். சணப்பு, தக்கைப்பூண்டு, கொள்ளு போன்ற பசுந்தாள் பயிர்கள். கடுகு, வெந்தயம், கொத்தமல்லி போன்ற மணப்பயிர்கள் என ஐவகையிலும் சேர்த்து ஏக்கருக்கு 20 முதல் 25 கிலோ விதை போதும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கலந்து வீசினால் கனத்த விதை ஒரு பக்கமும் சிறுவிதை ஒரு பக்கமும் விழும். பெருவிதைகளை முதலில் தூவிவிட்டு, எள், கடுகு, தினை ஆகியவற்றை மணலுடன் கலந்து தனியே தூவுங்கள். கோடை மழை ஈரத்தில் வைகாசியில் விதைத்தால், ஆடி தொடங்கும்போது பயிர் பூவெடுக்கும் நிலைக்கு வந்திருக்கும்.

ஐம்பது, அறுபது நாளில், பூவெடுக்கும் தறுவாயில் மடக்கி உழுதுவிட வேண்டும். பச்சைப் பசேலென்று நிற்பதை அழிக்க மனம் வராமல் முதல் ஆண்டில் நான் மேலும் இருபது நாள் விட்டுவைத்தேன். தண்டு நாராகிவிட்டது. அதை மட்கச் செய்வதற்கு நுண்ணுயிர்கள் மண்ணிலிருந்த தழைச்சத்தையே எடுத்துக்கொண்டதால், பின்னால் விதைத்த சோளம் முழங்கால் உயரத்திலேயே வெளுத்து நின்றது. உழும்போது நிலத்தில் ஈரம் இருப்பதும் முக்கியம். இல்லாவிட்டால் தழை சருகாகக் கிடக்குமே தவிர மட்காது.

இரண்டு மூன்று வாரம் கழித்து முதன்மைப் பயிரை விதைக்கலாம். முதல் முறை நிலக்கடலையும் ஊடே துவரையுமாக இருப்பது நல்லது; சத்தை அதிகம் கேட்கும் பயிர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அறுவடைக்குப் பின் தாள்களைக் கொளுத்தாமல் மூடாக்காகப் பரப்புங்கள், உழவுகளின் எண்ணிக்கையைக் குறையுங்கள், எருவுக்காக ஆடுகளை இரவில் நிலத்தில் அடைத்துக் கிடை போடுபவர்கள் உங்கள் பக்கம் வந்தால் சில இரவுகள் ஆட்டுக்கிடை போடச் சொல்லுங்கள்.

விளைபொருளை இயற்கை வேளாண் சான்றிதழோடு விற்கும் எண்ணம் இருந்தால், ஓராண்டுப் பயிர்களுக்கு இரண்டு ஆண்டுகளும் பல்லாண்டுப் பயிர்களுக்கு மூன்று ஆண்டுகளும் மாற்றக்காலம் (இரசாயனத்தை விட்டபின் சான்றிதழுக்காகக் காத்திருக்கும் காலம்) உண்டு என்பதால், விதை வாங்கியது முதல் ஒவ்வொரு செயலையும் நாளிட்டுப் பதிவேட்டில் எழுதி வாருங்கள். மாதிரி எடுத்த இடங்களையும் அதிலேயே குறித்துக்கொண்டு, மூன்றாம் ஆண்டு அதே மாதத்தில், அதே இடங்களில் மீண்டும் மண் எடுத்துக் கொடுங்கள்.