ஃபார்முலா ஸ்டூடண்ட் கார் டிசைன் பண்ணப் போறீங்களா? டயர்ல இருந்து ஆரம்பிங்க

ஃபார்முலா ஸ்டூடண்ட்னா காலேஜ் பசங்க தாங்களே சின்ன ரேஸ் கார டிசைன் பண்ணி, செஞ்சு, ஓட்டுற போட்டி. இதுல நிறைய காலேஜ் டீம் முதல்ல சேசிஸ, அதாவது காரோட எலும்புக்கூடான ஃபிரேம வரைஞ்சுட்டு அப்புறம் சஸ்பென்ஷன (வீல ஃபிரேமோட இணைச்சு அதிர்ச்சியத் தாங்குற அமைப்ப) அதுக்குள்ள திணிக்கப் பாக்குறாங்க, தயவுசெஞ்சு அத மட்டும் பண்ணாதீங்க. ரோட்டத் தொடுறது டயர் மட்டும்தான், அதனால முதல்ல டயர முடிவு பண்ணுங்க, அப்புறம் வீல்பேஸ் (முன் வீலுக்கும் பின் வீலுக்கும் நடுவுல உள்ள தூரம்), போட்டி ரூல்படி கொறஞ்சது 1525 மில்லிமீட்டர் இருக்கணும், அதுக்கப்புறம் சஸ்பென்ஷன் மாட்டுற பாயிண்ட்ஸ், கடைசியாதான் அதையெல்லாம் இணைக்கிற ஃபிரேம். விஷ்போன், அதாவது வீல ஃபிரேமோட இணைக்கிற V வடிவக் கை, அத மாட்டுற எடம் ஃபிரேமோட டியூப்புங்க சந்திக்கிற மூலையிலயே வரட்டும், டியூப் நடுவுல பிராக்கெட் வெல்ட் பண்ணா கார்னர்ல லோடு ஏறும்போது டியூப் வளையும், அப்புறம் என்ன டியூன் பண்ணாலும் கார் சொன்ன பேச்சு கேக்காது.

இன்ஜின் 710 சிசி வரைக்கும் போடலாம், ஆனா பெட்ரோல் காருக்கு உள்ள போற காத்து மொத்தமும் 20 மில்லிமீட்டர் விட்டமுள்ள ரெஸ்ட்ரிக்டர் (காத்த கட்டுப்படுத்துற குறுகலான குழாய்) வழியாத்தான் போகணும். அதனால என்னக் கேட்டா வெயிட் கம்மியான சிங்கிள் சிலிண்டரே போதும். டர்போ இல்லன்னா காத்து போற வரிசை இதுதான், த்ராட்டில் (காத்து அளவ கூட்டிக் கொறைக்கிற வால்வு), ரெஸ்ட்ரிக்டர், இன்ஜின். ரெஸ்ட்ரிக்டரோட விரியுற பக்கம் நல்லா நீளமா, மெதுவா விரியணும், சட்டுனு விரிஞ்சா காத்து சுவர விட்டுப் பிரிஞ்சு சுழல ஆரம்பிச்சிடும், பவர் போச்சு.

கோயம்புத்தூர் கரி ஸ்பீட்வே ரேஸ் டிராக்ல நடக்குற ஃபார்முலா பாரத்துக்கு, அதாவது இந்தியாவுல நடக்குற ஃபார்முலா ஸ்டூடண்ட் போட்டிக்குப் போறவங்க ரேடியேட்டர கொஞ்சம் பெருசாவே வைங்க. எண்டூரன்ஸ்னு சொல்ற நீண்ட தூர ஓட்டம் கிட்டத்தட்ட 22 கிலோமீட்டர், நடுவுல டிரைவர் மாறணும், அப்ப சூடான இன்ஜின நிறுத்திட்டு திரும்ப ஸ்டார்ட் பண்ணியாகணும். இத டெஸ்டிங்லயே திரும்பத் திரும்ப செஞ்சு பாத்துடுங்க.