எல்லையோரத் தமிழ்ப் பள்ளிக்குச் சொந்த இணையதளம்: எதற்கு, எப்படி

மே மாதக் கடைசியில் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கோரத்தில், கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வடகரப்பதி பக்கத்தில் எந்தத் தமிழ் மீடியம் பள்ளியின் ஆபீஸ் போனை எடுத்தாலும் வரும் கேள்விகள் ஏறக்குறைய ஒன்றுதான். தமிழ் மீடியம் எத்தனாவது வரைக்கும் உண்டு? மலையாளம் எந்த வகுப்பிலிருந்து? பொள்ளாச்சியில் மூணாவது படிச்ச பிள்ளை, டி.சி. இன்னும் கைக்கு வரலை, சேர்த்துக்குவீங்களா? வேலந்தாவளத்திலிருந்து காலையில் பஸ் எத்தனை மணிக்கு? இங்கே எஸ்.எஸ்.எல்.சி. எழுதினால் கோயம்புத்தூரில் பிளஸ் ஒன் சேர முடியுமா?

இதற்கெல்லாம் தமிழில் எழுதிவைத்த பதில் வெளியே எங்கும் இல்லை. கல்வித் துறையின் அறிவிப்புகள் மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் வருகின்றன. கேரளக் கல்வித் துறையின் இணையச் சேவைகளான சம்பூர்ணாவும் சமக்ராவும் முதன்மையாகப் பள்ளி அலுவலகத்துக்கும் ஆசிரியர்களுக்கும் ஆனவை. கேரளப் பள்ளிகளின் விவரங்களைத் தொகுக்க 2009-இல் தொடங்கிய ஸ்கூல் விக்கி தளத்தில் பள்ளிக்கு ஒரு பக்கம் இருக்கலாம். பள்ளியின் வரலாறு, பழைய தலைமை ஆசிரியர் பட்டியல் வைக்க அது நல்ல இடம், விட்டுவிட வேண்டாம். ஆனால் அது பெரும்பாலும் மலையாளம். வாட்ஸ்அப் குழுவில் ஏற்கெனவே சேர்ந்த பெற்றோர் மட்டும்தான் இருக்கிறார்கள்; சேரப் போகிறவர் இல்லை. திங்கட்கிழமை போட்ட அறிவிப்பு புதன்கிழமைக்குள் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் போய்விடும். ஃபேஸ்புக் பக்கத்தில் உள்நுழையாதவருக்குப் பாதிதான் தெரியும்.

இன்னொரு காரணம், சொல்லக் கூச்சப்பட வேண்டியதில்லை: தலைக்கணக்கு. பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில் எடுக்கும் எண்ணிக்கையை வைத்துத்தான் டிவிஷனும் ஆசிரியர் பணியிடமும் முடிவாகின்றன. கல்வி உரிமைச் சட்டக் கணக்கு 5-ஆம் வகுப்பு வரை 30 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், 6 முதல் 8 வரை 35-க்கு ஒருவர். தமிழ் டிவிஷன்கள் எப்போதும் விளிம்பில் நிற்பவை. டி.சி. பற்றிய சந்தேகம் தீராமல் நாலு குடும்பம் எல்லைக்கு அந்தப்பக்கமே இருந்துவிட்டால் ஒரு பணியிடம் ஆட்டம் காணும்.

சி.பி.எஸ்.இ. பள்ளிகளுக்கு இணையதளமும், அதில் கட்டாய வெளிப்படுத்தல் பக்கமும் வாரியத்தின் விதி. அதனால்தான் அவற்றின் தளங்கள் பல வாரியத்துக்கு எழுதியவைபோல இருக்கின்றன. நீங்கள் அம்மா அப்பாக்களுக்கு எழுதலாம்.

முதல் வேலை: ஒரு நோட்டு

கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன் ஆபீஸ் போன் பக்கத்தில் ஒரு நோட்டு வையுங்கள். சேர்க்கைக் காலத்தில் இரண்டு வாரம், வரும் ஒவ்வொரு கேள்வியையும் கேட்டவர் சொன்ன வார்த்தையிலேயே ஒரு வரியாக எழுதவேண்டும். திரும்பத் திரும்ப வரும் கேள்விகளே தளத்தின் பக்கங்கள். பெரும்பாலும் ஏழுக்குள் அடங்கும்: முகப்பு, சேர்க்கை, வகுப்புகளும் மொழிகளும், நாட்காட்டி, சான்றிதழ்கள், பத்தாவதுக்குப் பிறகு, வரும் வழி. ‘எங்கள் நோக்கம்’, ‘தலைமை ஆசிரியரின் செய்தி’ போன்றவற்றை யாரும் போன் போட்டுக் கேட்பதில்லை. வைத்தே ஆகவேண்டும் என்றால் கடைசியில் வையுங்கள்.

பதிலை எழுதும்போது ‘அலுவலகத்தை அணுகவும்’ என்று முடிக்காதீர்கள். டி.சி. கேள்வியையே பாருங்கள். கல்வி உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவுப்படி, 8-ஆம் வகுப்பு வரை, டி.சி. வரத் தாமதமாகிறது என்பதற்காகச் சேர்க்கையைத் தள்ளிப்போடவோ மறுக்கவோ கூடாது. வயதுச் சான்று இல்லை என்பதற்காக மறுக்கக் கூடாது என்று 14-ஆம் பிரிவு சொல்கிறது. இந்த இரண்டு வரியும் சேர்க்கைப் பக்கத்தின் தலையில் இருக்கட்டும். கீழே, சேரும் நாளன்று கொண்டுவர வேண்டியவை, பிறகு கொடுக்கலாம் என்பவை என்று இரண்டாகப் பிரித்து எழுதுங்கள். எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகப் போட்டால் ஒரு காகிதம் குறைந்தாலும் பெற்றோர் கிளம்பவே மாட்டார்கள்.

மொழிப் பக்கத்தில் ஒளிவுமறைவு வேண்டாம். எந்தெந்த வகுப்பில் தமிழ் மீடியம், எந்தப் பாடத்துக்குத் தற்போது தமிழ் ஆசிரியர் உண்டு, மலையாளம் வாரத்துக்கு எத்தனை பீரியட் என்று அட்டவணையாகக் கொடுங்கள். கேரளப் பாடத்திட்டத்தில் பாடநூல்கள் தமிழிலும் வருகின்றன, எஸ்.எஸ்.எல்.சி. வினாத்தாளும் தமிழில் உண்டு என்ற செய்தியே எல்லை தாண்டிய பல குடும்பங்களுக்குப் புதிது.

இன்றைக்குப் பள்ளி உண்டா

தளத்தை வருடம் முழுக்கத் திறக்கவைப்பது இந்த ஒரு கேள்விதான். மழைக்கு விடுமுறை விடுவது அந்தந்த மாவட்டக் கலெக்டர். வீட்டில் ஓடுவது கோயம்புத்தூர்ச் செய்தி. அங்கே லீவு என்றால் இங்கே பிள்ளை வருவதில்லை; பாலக்காட்டில் லீவு என்றால் விஷயம் தெரியாமல் கோபாலபுரத்திலிருந்து பஸ் ஏறி வந்து நிற்கும்.

முகப்பின் உச்சியில் ஒரே ஒரு வரிக்கு இடம் ஒதுக்குங்கள். ‘இன்று, 17-7, வியாழன்: பள்ளி உண்டு.’ தேதியும் கிழமையும் இல்லாத வரி ஆபத்து. நேற்றைய லீவு இன்றைக்கும் லீவாகப் படிக்கப்படும். மழை அறிவிப்பு இருக்கும் நாட்களில் இரவு ஒருமுறை, காலை ஆறரைக்குள் ஒருமுறை என்று வரியை மாற்ற ஒரே ஆளைப் பொறுப்பாக்குங்கள்.

நாட்காட்டிப் பக்கத்தில் இரண்டு மாநிலத்துக்கும் இடையே இடிக்கிற நாட்களைத் தனியாகக் காட்டுங்கள். பொங்கலன்று தமிழ்நாட்டை ஒட்டிய பாலக்காடு, இடுக்கி, திருவனந்தபுரம் போன்ற மாவட்டங்களுக்குக் கேரளத்தில் உள்ளூர் விடுமுறை விடுவது வழக்கம். ஆனால் அது ஒரு நாள். மாட்டுப் பொங்கல், உழவர் திருநாள் எல்லாம் அந்தப்பக்கத்துக் கணக்கு. ஓணப் பரீட்சையும் ஓண லீவும், அங்கே காலாண்டுத் தேர்வும் ஒரே நேரத்தில் வராது. அண்ணன் அங்கே, தங்கை இங்கே என்று படிக்கும் வீடுகளுக்கு இந்த ஒரு பக்கம் போதும்.

ஊர்ப் பெயரால் வரும் குழப்பம்

கூகுளில் தமிழில் ‘சித்தூர் அரசுப் பள்ளி’ என்று தேடினால் பாலக்காட்டுச் சித்தூரும் வரும், ஆந்திரச் சித்தூரும் வரும். அதனால் ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஊர், தாலுகா, மாவட்டம், மாநிலம், பின்கோடு முழுதாக இருக்கவேண்டும் (இந்தச் சித்தூருக்கு 678101, அந்தச் சித்தூருக்கு 517001). பள்ளிக்கென அரசு தந்த 11 இலக்க அடையாள எண்ணான யுடைஸ் எண்ணும் இருக்கட்டும். கேரளப் பள்ளி என்றால் 32-இல் தொடங்கும், தமிழ்நாடு 33, ஆந்திரம் 28. பள்ளிப் பெயரைத் தமிழ், மலையாளம், ஆங்கிலம் மூன்றிலும் எழுத்தாகவே தட்டச்சு செய்யுங்கள். பெயர்ப்பலகையைப் படமெடுத்துப் போட்டால் அது தேடலில் வரும் என்று நம்பி இருக்க முடியாது. ஆங்கில எழுத்துக்கூட்டல் யுடைஸ் பதிவில் உள்ளதோடு ஒத்துப்போகிறதா என்று ஒருமுறை சரிபாருங்கள்.

யார் கையில் சாவி

பள்ளித் தளங்கள் சாவது தொழில்நுட்பக் கோளாறால் அல்ல. பாஸ்வேர்டு தெரிந்தவர் மாற்றலாகிப் போவதால். ஓய்வு பெறுகிறவர்கள் பலர் மே 31-இல் போகிறார்கள். தளம் அதிகம் தேவைப்படுவது ஜூன் முதல் வாரத்தில்.

அதனால் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் பி.டி.ஏ. கூட்டத்தில் ஒரு தீர்மானம் எழுதுங்கள். எய்டட் பள்ளி என்றால் மேனேஜரின் ஒப்புதலும் எழுத்தில் வேண்டும். அடுத்தது பள்ளிப் பெயரில் ஒரு ஜிமெயில் கணக்கு. மீட்பு எண்ணாக யாருடைய சொந்த மொபைலும் வேண்டாம், பள்ளிக்கென உள்ள சிம் போதும். இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டு, கூகுள் தரும் 10 காப்புக் குறியீடுகளை அச்செடுத்து, உறையிலிட்டு ஆபீஸ் பீரோவில் பூட்டுங்கள். தலைமை ஆசிரியர் சார்ஜ் ஒப்படைக்கும் பட்டியலில் இந்த உறையும் ஓர் உருப்படியாக ஏறவேண்டும். இரண்டு வருடம் தொடாமல் கிடக்கும் கணக்கைக் கூகுள் அழித்துவிடலாம் என்பதையும் உறையின் மேலேயே எழுதிவையுங்கள்.

தளத்தின் பெயர், அதாவது டொமைன், ஆண்டுதோறும் கட்டணம் கட்டி வைத்திருக்க வேண்டியது. முதல் வருடச் சலுகை விலையைப் பார்த்து மயங்காதீர்கள், புதுப்பிக்கும் விலையைக் கேளுங்கள். பதிவு செய்தவர் என்ற இடத்தில் பள்ளியின் பெயர் வரவேண்டும். தளம் செய்துதரும் கடைக்காரர் தன் பெயரில் எடுத்தால் நாளைக்குக் கேட்கும் விலை அவருடையது. புதுப்பிக்க மறந்தால் சில வாரத் தவணைக்குப் பிறகு பெயர் பொதுச் சந்தைக்குப் போய்விடும். அப்படி விடுபட்ட பெயர்களைச் சூதாட்டத் தளக்காரர்கள் வாங்கிப்போடுவது வழக்கம். பழைய நோட்டீஸில் அச்சான முகவரியைத் தட்டும் பிள்ளைக்கு ரம்மி விளம்பரம் வரும். முடிந்தால் மூன்று வருடத்துக்குச் சேர்த்துக் கட்டுங்கள்.

கட்டுவது எதில்

ஏழு பக்கத்துக்குக் கூகுள் சைட்ஸ் போதும். இலவசம், பாதுகாப்புச் சான்றிதழ் தானாக வரும், ஹேக் ஆகிற பயம் குறைவு. வேர்ட்பிரஸ் அழகாக வரும்தான். ஆனால் அதையும் அதன் செருகுநிரல்களையும் அவ்வப்போது புதுப்பிக்க ஆள் வேண்டும். அந்த ஆள் உங்களிடம் இல்லை என்றால் அந்தப் பக்கம் போகவேண்டாம்.

கூகுள் சைட்ஸில் வழக்கமாக மூன்று இடத்தில் இடறும். திருத்தியது தானாக வெளியே தெரியாது. ஒவ்வொரு திருத்தத்துக்குப் பிறகும் பப்ளிஷ் பொத்தானை மறுபடி அழுத்தவேண்டும். டிரைவில் உள்ள படிவத்தை இணைத்தால் அதன் பகிர்வு அனுமதியைத் தனியாக ‘இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்’ என்று மாற்றவேண்டும். இல்லாவிட்டால் பெற்றோருக்கு அனுமதி கேட்கச் சொல்லும் திரைதான் வரும். சொந்த டொமைனை இணைத்த பிறகு முன்னால் மூன்று டபிள்யூ போட்டால் தளம் வருகிறது, போடாவிட்டால் வரவில்லை என்றால், டொமைன் விற்றவரின் பக்கத்தில் ஃபார்வேர்டிங் அமைக்கவில்லை என்று அர்த்தம். அமைத்தபின் 48 மணி நேரம் வரை பொறுக்கவேண்டும். மூன்றையும் சோதிக்கும்போது உங்கள் கணக்கில் இல்லாத இன்னொரு போனில் சோதியுங்கள். உங்கள் போனில் எல்லாம் சரியாகத்தான் தெரியும்.

தமிழ் எழுத்து, படம்

எல்லாம் யுனிகோடில் இருக்கவேண்டும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்பை அப்படியே ஒட்டினால் வெளியே ஆங்கில எழுத்தும் குறிகளுமாகத் தெரியும். யுனிகோடு மாற்றியில் போட்டு எடுத்து, ஒருமுறை படித்துப் பாருங்கள். பி.டி.எஃப். கோப்பிலிருந்து நகலெடுத்தால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும், அதைத் திருத்துவதைவிடத் திரும்பத் தட்டுவது சீக்கிரம். சுற்றறிக்கையை ஸ்கேன் செய்து படமாக மட்டும் போடாதீர்கள்; சாரத்தை நாலு வரி தட்டச்சு செய்து, அதன் கீழே ஸ்கேனை வையுங்கள்.

போன் கேமராப் படம் ஒன்று 3 முதல் 5 எம்.பி. இருக்கும். 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்தால் 200 கே.பி.க்குள் வந்துவிடும். பார்க்கிறவர் டேட்டா மிச்சம், மலையடிவாரத்தில் சிக்னல் குறைந்த இடத்திலும் திறக்கும்.

பிள்ளைகளின் விவரம்

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயது நிறையாதவர் குழந்தை. அவர்கள் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். சேர்க்கைப் படிவத்தோடு ஒரு சம்மதத் தாளையும் தமிழில் வையுங்கள். படம் போடலாம், போடவேண்டாம் என்று இரண்டு கட்டம். வேண்டாம் என்றவர் பெயரை வகுப்பாசிரியர் குறித்துக்கொள்ளட்டும். முகமும் முழுப்பெயரும் ஒரே இடத்தில் வரவேண்டாம். படமெடுக்கும் போனில் இருப்பிடப் பதிவை அணைத்துவையுங்கள்.

அதிகம் நடக்கிற தவறு உதவித்தொகைப் பட்டியல். ஆபீஸிலிருந்த எக்செல் கோப்பை அப்படியே ஏற்றினால் சாதி, ஆதார், வங்கிக் கணக்கு எல்லாம் ஊருக்குத் தெரியும். மறைத்துவைத்த பத்தியும் அதில் அப்படியே இருக்கும். எஸ்.எஸ்.எல்.சி. பதிவெண்ணையும் பிறந்த தேதியையும் சேர்த்துப் போட்டால் எவரும் அந்தப் பிள்ளையின் மதிப்பெண்ணைத் திறந்து பார்க்கலாம். எத்தனை பேர் எழுதினார்கள், எத்தனை பேர் மேற்படிப்புக்குத் தகுதி பெற்றார்கள் என்ற எண்ணிக்கை மட்டும் போதும்.

யார் எழுதுவது

ஹைஸ்கூலில் லிட்டில் கைட்ஸ் என்னும் மாணவர் கம்ப்யூட்டர் மன்றத்தின் யூனிட் இருந்தால் பிள்ளைகளே படம் சுருக்கவும் தட்டச்சு செய்யவும் செய்வார்கள், நன்றாகவும் செய்வார்கள். பப்ளிஷ் அழுத்துவது மட்டும் ஆசிரியர் கையில் இருக்கட்டும், பாஸ்வேர்டைப் பகிரவேண்டாம். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ‘கடைசியாகத் திருத்தியது’ என்று தேதி போடுங்கள். மே கடைசி வாரம், ஓண லீவுக்கு முன், டிசம்பர் பரீட்சைக்கு முன், எஸ்.எஸ்.எல்.சி. முடிந்ததும் என்று வருடத்துக்கு நாலு தடவை ஏழு பக்கத்தையும் படித்துச் சரிபார்த்தால் போதும். ஓடும் எழுத்து, பார்வையாளர் எண்ணிக்கை, தானாகப் பாடும் பாட்டு எதுவும் வேண்டாம்.

வெளியிடுவதற்கு முன் ஒரு சோதனை. பிள்ளையைக் கூப்பிட வரும் அம்மா யாரையாவது நிறுத்தி, அவருடைய சொந்தப் போனிலேயே மூன்று கேள்விக்குப் பதில் தேடச் சொல்லுங்கள்: நாளைக்கு ஸ்கூல் உண்டா, ஆறாவதில் தமிழ் மீடியம் உண்டா, சேர்க்க என்ன காகிதம் வேண்டும். நீங்கள் வாய் திறக்கக் கூடாது. ஒரு நிமிடத்துக்குள் கிடைக்காத பதிலை முகப்புக்கு இடம் மாற்றுங்கள்.