ஜெல்லியாக உறையும் ஆட்டுக்கால் சூப்: வயிற்றுப் பத்தியத்துக்கு வீட்டிலேயே காய்ச்சும் முறை

ஃப்ரிட்ஜில் ஓர் இரவு இருந்த கண்ணாடி ஜாடியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பாருங்கள். சூப் சரியாக வந்திருந்தால் சொட்டுக்கூட நகராது. கரண்டியைப் போட்டால் இளநுங்கு மாதிரித் தளதளவென்று வெட்டிக்கொண்டு வரும். அடுப்பில் வைத்த அரை நிமிடத்தில் மறுபடி தண்ணீராகிவிடும். குடலுக்கு இதமான உணவு முறையில் இருப்பவர்கள் தேடுவது இந்தப் பதத்தைத்தான். பலருக்கு இது கிடைக்காமல் போவதற்குக் காரணம் அடுப்பில் இல்லை, கடையில் இருக்கிறது: எலும்பு வாங்கும்போதே தவறிவிடுகிறது.

உறைய வைப்பது கொலாஜன் என்ற புரதம். தோல், நரம்பு, மூட்டைச் சுற்றியுள்ள சவ்வு, குருத்தெலும்பு இவற்றில்தான் அது மண்டிக் கிடக்கிறது. ஈரச்சூட்டில் நெடுநேரம் வெந்தால் அது ஜெலட்டினாகக் கரைந்து தண்ணீரில் இறங்கும். "சூப்புக்கு எலும்பு" என்று கேட்டதும் கடைக்காரர் ஆசையாக எடுத்துக் கொடுக்கும் நல்லி எலும்பில் மஜ்ஜையும் கொழுப்பும்தான் அதிகம். ருசிக்கு அது ராஜா, உறைவதற்கு உதவாது. நெஞ்செலும்பு பரவாயில்லை. வால், கழுத்து, முழங்கால் மூட்டு நல்லவை. எல்லாவற்றிலும் மேல் ஆட்டுக்கால், அதோடு கோழிக்கால்.

வாங்குவது

பெங்களூருவில் இது கஷ்டமே இல்லை. சிவாஜிநகர் ரசல் மார்க்கெட்டைச் சுற்றியும் அல்சூரிலும் கறிக்கடைகளில் தமிழிலேயே கேட்டு வாங்கலாம். "பாய், ஒரு செட் கால், சுட்டு, நாலாக வெட்டிக் கொடுங்க" என்றால் போதும். கன்னடக்காரர் கடையில் "காலு சுட்டு கொடி". கிட்டத்தட்ட நம் வார்த்தைதான். ஞாயிற்றுக்கிழமை நேரம் கழித்துப் போனால் கால் தீர்ந்திருக்கும். முதல் நாளே சொல்லிவைப்பது நல்லது. காந்தி ஜெயந்தி, மகாவீரர் ஜெயந்தி போன்ற நாள்களில் மாநகராட்சி இறைச்சி விற்பனையை நிறுத்திவிடும்.

ஒன்றைக் கட்டாயம் பார்த்து வாங்குங்கள்: காலில் தோல் இருக்க வேண்டும். முடியைத் தீயில் பொசுக்கிய சுட்ட காலில் தோல் அப்படியே நிற்கும். பாக்கெட்டில் வெள்ளைவெளேரென்று வருகிற கால்களில் சில தோலுரித்தவை. பார்க்கச் சுத்தமாக இருக்கும். ஆனால் ஜெல்லியில் பெரும்பங்கு உரித்த தோலோடு போயிருக்கும்.

ஒரு தடவைக்கு வேண்டியது: ஆட்டுக்கால் ஒரு செட், அதாவது நான்கு கால். சுத்தம் செய்தபின் அரைக் கிலோவிலிருந்து முக்கால் கிலோ வரை நிற்கும். கோழிக்கால் 250 கிராம், ஏழெட்டு வரும். நகத்தை வெட்டி, மஞ்சள் மேல்தோலை உரித்துத் தரச் சொல்லுங்கள். தண்ணீர் ஒன்றரை லிட்டர். மிளகு ஒரு தேக்கரண்டி, சீரகம் ஒரு தேக்கரண்டி, விரல் நீள இஞ்சி, மஞ்சள்தூள் கால் தேக்கரண்டி. உப்பு இப்போது வேண்டாம். ஐந்து லிட்டர் குக்கருக்கு இந்த அளவு பாதிக்குள் அடங்கும்.

தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. போர்வெல், டேங்கர் தண்ணீர் வருகிற அடுக்குமாடிகளில் அந்தத் தண்ணீரையே ஊற்றிக் காய்ச்சினால், சூப் சுண்டச் சுண்ட அதன் உப்புச்சுவையும் சேர்ந்து கெட்டிப்படும். குடிக்கிற தண்ணீரையே ஊற்றுங்கள்.

சுத்தம் செய்வது

நேரம் எடுத்துச் செய்ய வேண்டிய வேலை இது. சூப்பில் கவிச்சி அடித்தால் பத்துக்கு ஒன்பது தடவை இங்கேதான் குறை இருக்கும். சுட்ட காலைப் பத்து நிமிடம் வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறப்போட்டு, கத்தியின் முனையைத் தோலில் சாய்த்துப் பிடித்து, முட்டியிலிருந்து குளம்புப் பக்கமாகச் சுரண்டுங்கள். கருக்கு வழிந்து தோல் தேன் நிறத்துக்கு வரும். குளம்பின் நடுப்பிளவை விரித்துப் பாருங்கள். தீ எட்டாத இடம் அது. குட்டை முடி அங்கே கொத்தாக நிற்கும். அதைக் கத்தி நுனியால் செதுக்கி எடுத்துவிடுங்கள், அல்லது அடுப்புத் தீயில் நேராகக் காட்டிப் பொசுக்குங்கள். பிறகு கல்லுப்பும் மஞ்சளும் போட்டு அழுத்தித் தேய்த்து, தண்ணீர் தெளிகிற வரைக்கும் கழுவ வேண்டும். வெட்டிய இடத்தில் எலும்புத்தூள் ஒட்டியிருக்கும், விரலால் வழித்துவிடுங்கள்.

அடுத்து முதல் கொதி. கால் மூழ்கத் தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு ஐந்து நிமிடம் வைத்தால் சாம்பல் நிற நுரை பொங்கி வரும். அந்தத் தண்ணீரை முழுக்கக் கொட்டிவிட்டுக் கால்களை மறுபடி கழுவுங்கள். சத்து போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். கொலாஜன் ஐந்து நிமிடத்தில் கரைகிற பொருளல்ல. போவது இரத்தமும் அழுக்கும்தான்.

காய்ச்சுவது

பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் ஆட்டுக்கால் வேகப் பல மணி நேரம் ஆகும், சிலிண்டரும் காலியாகும். குக்கருக்குள் சூடு 120 டிகிரியை ஒட்டிப் போவதால் ஒன்றேகால் மணி நேரத்தில் வேலை முடிகிறது.

இரண்டு கட்டமாகச் செய்யுங்கள். முதலில் ஆட்டுக்கால், ஒன்றரை லிட்டர் தண்ணீர், மசாலா எல்லாம் போட்டு மூடி, முதல் விசில் வந்ததும் தீயை அடிமட்டத்துக்குக் குறைத்து 40 நிமிடம். பிரஷர் தானாக இறங்கட்டும். திறந்து பார்த்து, தண்ணீர் குறைந்து கால் வெளியே தெரிந்தால் மூழ்குமளவு வெந்நீர் சேருங்கள். இப்போது கோழிக்காலைப் போட்டு மறுபடி மூடி, அதே மாதிரி 35 நிமிடம். கோழிக்கால் மெல்லியது, ஆரம்பத்திலேயே போட்டால் கரைந்து குழம்பிவிடும். நடுவில் ஒரு தடவை திறப்பதால் அடிப்பிடிக்கும் பயமும் போகும்.

தீ குறைவாகவே இருக்கட்டும். விசில் மேல் விசில் அடித்தால் உள்ளே தளதளத்துக் கொதித்துக் கொழுப்பு சாறோடு அடித்துக் கலந்துவிடும். பிறகு எவ்வளவு வடித்தாலும் சூப் பால் மாதிரிக் கலங்கியே இருக்கும், எண்ணெய்ப் பிசுக்கும் விலகாது. விசிலைத் தூக்கிக் காற்றை அவசரமாக விடுவதும் இதே கேட்டைச் செய்யும்.

வெந்ததா என்று பார்க்க: காலின் நரம்பு எலும்பிலிருந்து விரல் பட்டாலே கழன்று வர வேண்டும். சாற்றில் ஒரு துளியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பிரியுங்கள். பாகுபதம் போல ஒட்டி விலகினால் நன்றாக உறையும். சந்தேகமிருந்தால் ஃப்ரீசரில் ஐந்து நிமிடம் வைத்த எவர்சில்வர் தட்டில் ஒரு கரண்டி ஊற்றி மறுபடி ஃப்ரீசரில் வையுங்கள். பத்து நிமிடம் கழித்து விரலால் தள்ளினால் மேலே சுருக்கம் விழ வேண்டும். விழவில்லையென்றால் எலும்பை எடுத்துவிட்டு, திறந்த பாத்திரத்தில் மிதமான தீயில் கால் பங்கு சுண்டும்வரை வையுங்கள்.

வினிகர் ஊற்றினால் கால்சியம் எல்லாம் இறங்கிவிடும் என்று பரவலாகச் சொல்கிறார்கள். ஒரு மேசைக்கரண்டி ஊற்றினால் கெடுதல் இல்லை, ஆனால் எலும்பிலிருந்து கால்சியம் வந்து கொட்டிவிடாது. பால், கேழ்வரகு, நெத்திலிக் கருவாடு தருகிற கால்சியத்துக்கு எலும்பு சூப் ஈடாகாது. புளிப்பு மிஞ்சினால் ஜெல்லிதான் தளரும்.

வெங்காயம், பூண்டு

வயிற்று உப்புசத்துக்காகப் பத்தியம் இருப்பவர்களில் பலருக்கு வெங்காயமும் பூண்டும் விலக்கு. "முழுசாகப் போட்டு வடிகட்டி எடுத்துவிடலாம்" என்று வீட்டில் பெரியவர்கள் சொல்வார்கள். அது பலிக்காது. உப்புசம் தருகிற ஃப்ரக்டான் தண்ணீரில் கரைகிற பொருள். வெங்காயத்தை எடுத்தாலும் அது சாற்றிலேயே தங்கிவிடும். எண்ணெயில் அது கரையாது. அதனால் ஒரு தேக்கரண்டி நெய்யில் பூண்டைத் தட்டிப்போட்டு வாசம் வந்ததும் பூண்டை எறிந்துவிட்டு, அந்த நெய்யை மட்டும் குடிக்கிற நேரத்தில் சூப்பில் விடலாம். வெங்காயத்தாளின் பச்சைப் பகுதியும் ஒத்துக்கொள்ளும்.

பெருங்காயம் போடுகிறவர்கள் டப்பாவைத் திருப்பிப் படியுங்கள். கூட்டுப் பெருங்காயத் தூளில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். கோதுமை ஆகாதவர்களுக்கு அந்தச் சிட்டிகையே தொந்தரவு.

இஞ்சியைக் காய்ச்சும்போதே போட்டுவிட வேண்டும். பச்சை இஞ்சியில் புரதத்தை அறுக்கும் நொதி உண்டு. வடித்து ஆறிய சூப்பில் பச்சை இஞ்சிச் சாற்றைப் பிழிந்து வைத்தால் ஜெலட்டினை அது துண்டாக்கி, உறையவிடாமலே செய்துவிடும். கொதித்தபின் அந்த நொதி செத்துவிடுவதால் கவலையில்லை.

ஆற வைப்பது, உறைய வைப்பது

இதில் அசட்டை வேண்டாம். இராத்திரி காய்ச்சி அடுப்பிலேயே மூடி வைத்துவிட்டு, "பெங்களூரு குளிர்தானே, ஒன்றும் ஆகாது" என்று காலையில் எடுப்பது ஆபத்தான பழக்கம். கொதியில் சாகாத நுண்ணுயிர் விதைகள் இறைச்சிச் சாற்றில் உண்டு. ஒரு பெரிய குக்கர் சூப் வெளியே 16 டிகிரியாக இருந்தாலும் மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடக்கும், அந்த வெதுவெதுப்பில்தான் அவை முளைத்துப் பெருகும். குடலைத் தேற்றக் குடிக்கிற சூப்பே வயிற்றுப்போக்கில் தள்ளிவிடக் கூடாது.

சூடாக இருக்கும்போதே வடிகட்டி அகலமான எவர்சில்வர் பாத்திரத்தில் ஊற்றுங்கள். சிங்க்கில் குளிர்ந்த தண்ணீர் நிரப்பி, பாத்திரத்தை அதில் உட்கார வைத்துக் கரண்டியால் கிளறிவிடுங்கள். தண்ணீரை இரண்டு மூன்று தடவை மாற்றினால் அரை மணி நேரத்தில் ஆறிவிடும். எப்படியும் இரண்டு மணி நேரத்துக்குள் சூடு தணிந்து ஃப்ரிட்ஜுக்குள் போயாக வேண்டும். உறைய எட்டு மணி நேரம். அவசரப்பட்டு மூன்று மணி நேரத்தில் எடுத்துப் பார்த்து, வரவில்லை என்று முடிவு கட்டாதீர்கள்.

மறுநாள் மேலே கொழுப்பு வெள்ளைத் தகடாக நிற்கும். ஆட்டுக்கொழுப்பு கொஞ்சம் ஆறினாலே அண்ணத்தில் மெழுகாக ஒட்டும். வயிறு பலவீனமானவர்களுக்குச் செரிப்பதும் கடினம். கத்தி முனையால் நெம்பினால் ஒரே வில்லையாக வந்துவிடும். குடிக்கிற நாள்வரை அதை எடுக்காமல் விட்டால் ஜெல்லிக்கு மூடி போலக் காக்கும்.

ஃப்ரிட்ஜில் மூன்று நாள், அதிகம் போனால் நான்கு. மீதியை ஐஸ் ட்ரேயில் ஊற்றி உறையவிட்டுக் கட்டிகளைப் பையில் போட்டு ஃப்ரீசரில் வைத்தால் இரண்டு மூன்று மாதம் தாங்கும். கண்ணாடி ஜாடியை ஃப்ரீசரில் வைப்பதானால் மேலே இரண்டு விரல் இடம் விடுங்கள், இல்லாவிட்டால் விரிந்து உடையும். நான்கு மணி நேரத்துக்கு மேல் மின்சாரம் போய், ஜாடி வெதுவெதுத்து ஜெல்லி இளகியிருந்தால், மனசு வராவிட்டாலும் கொட்டிவிடுங்கள்.

உறையவில்லையென்றால்

பெரும்பாலும் தண்ணீர் கூடியிருக்கும். எலும்பு மூழ்கி ஒரு விரல் மேலே நின்றால் போதும். அடுத்த காரணம் தோலில்லாத கால், அல்லது வெறும் பிராய்லர் நெஞ்செலும்பு. மூன்றாவதை யாரும் எதிர்பார்ப்பதில்லை: அளவுக்கு மீறி வேக வைத்தல். சத்து இன்னும் இறங்கட்டும் என்று குக்கரில் மூன்று நான்கு மணி நேரம் வைத்தால் நீளமான ஜெலட்டின் இழைகள் அறுந்து துண்டு துண்டாகிப் பின்னிக்கொள்ளும் பலத்தை இழந்துவிடும். அப்படி ஆன சூப் வீணில்லை, புரதம் உள்ளேதான் இருக்கிறது, தாராளமாகக் குடிக்கலாம்.

எவ்வளவு, யாருக்கு

இந்த அளவில் ஒன்றே கால் லிட்டர் வரை கிடைக்கும். முதல் இரண்டு நாள் 50 மில்லி குடித்துப் பாருங்கள். வயிறு ஏற்றுக்கொண்டால் 150 மில்லி, ஒரு டம்ளர். நன்றாகக் கொதிக்கவிட்டு உப்பு சேர்த்துச் சூடாகக் குடிக்க வேண்டும்.

சூப் குடலை ஆற்றிவிடும் என்று உறுதி சொல்லப் போதிய ஆதாரம் கிடையாது. கொலாஜனும் மற்றப் புரதம் மாதிரியே செரித்துச் சிறு துண்டுகளாகித்தான் உடம்பில் சேர்கிறது. சாப்பாடு இறங்காத நாளில் தெம்பும் நீரும் தருகிற எளிய உணவு என்ற அளவில் அதன் மதிப்பு பெரிது. இதை மட்டும் குடித்து நாளைத் தள்ளவும் கூடாது. ஜெலட்டினில் டிரிப்டோபான் என்ற அவசிய அமினோ அமிலம் இல்லை. முட்டையோ மீனோ கறியோ கூடவே வேண்டும். மலத்தில் இரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, தூக்கத்திலிருந்து எழுப்புகிற வயிற்றுப்போக்கு இருந்தால் சூப்பை நம்பி நாள் கடத்தாமல் குடல் மருத்துவரைப் பாருங்கள்.

யூரிக் அமிலம் கூடிக் கால் வீங்குபவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்காமல் தொடங்க வேண்டாம். நெடுநேரம் வெந்த சாறு குடித்தால் சிலருக்குத் தலைவலியும் முகச்சிவப்பும் அரிப்பும் வரும். அவர்கள் கோழிக்காலை மட்டும் திறந்த பாத்திரத்தில் இரண்டு மணி நேரம் காய்ச்சி அன்றன்றே குடித்துப் பார்க்கலாம். இளக்கமாகத்தான் உறையும், ஆனால் ஒத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம்.

வடித்த காலைத் தூக்கி எறியாதீர்கள். தோலும் நரம்பும் இன்னும் அதில் ஒட்டியிருக்கும். பத்தியத்தில் இல்லாத வீட்டாருக்கு அதைத் தேங்காய்ப்பால் விட்டுப் பாயாவாக்கினால் இடியாப்பத்துக்குச் சரியாக இருக்கும். வெறும் எலும்பை 750 மில்லி தண்ணீரில் இன்னொரு தடவை 40 நிமிடம் வைத்தால் இரண்டாம் சாறு கிடைக்கும். அது உறையாது, குழம்புக்குத் தண்ணீருக்குப் பதிலாக ஊற்றலாம்.