குமிழியைப் பார்த்து ஃபேஜ் என்று ஏமாறாதீர்கள்

பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸான ஃபேஜ் பற்றிய ஆய்வுகளில் ‘செ8’, ‘செ9சி’ என்ற பெயர்கள் அடிபடும். அந்தச் ‘செ’ சென்னைதான். இரண்டும் இந்த ஊரில் பிரித்தெடுக்கப்பட்டவை. ஆகவே மண்ணில் ஃபேஜ் தேடும் மாணவர்களுக்கு ஒன்றும் கிடைக்காவிட்டால், குறை ஊர் மண்ணில் இல்லை.

மே மாதத்தில் மெரினாவின் காய்ந்த மேல்மணலை அள்ளிக்கொண்டு வருகிறார்கள் மாணவர்கள். பாக்டீரியா செழிக்காத இடத்தில் அதை நம்பிப் பிழைக்கும் ஃபேஜ் எப்படிக் கிடைக்கும்? பாத்திரம் கழுவிய தண்ணீர் பாயும் வாழையடி, சாணம் மக்கிய குப்பைமேடு, இவற்றைத் தேடுங்கள். இடத்தையும் தேதியையும் பையின் மேலேயே எழுதுங்கள். பையை ஸ்கூட்டர் பெட்டிக்குள் வெயிலில் வேகவிடாதீர்கள்.

ஃபேஜை விட்டுவிட்டுப் பாக்டீரியாவைத் தடுக்கும் 0.22 மைக்ரான் வடிகட்டிக்குள் மண்கரைசலை நேராகச் செலுத்தினால் சேறு அடைத்துக்கொள்ளும். சிரிஞ்சை முரட்டுத்தனமாக அழுத்தினால் சவ்வு கிழிந்து, மண்ணின் பாக்டீரியாவெல்லாம் வளர்ப்புத் தட்டில் குடியேறும். முதலில் மையவிலக்கில் சுற்றித் தெளியவையுங்கள்.

ஃபேஜுக்கு இரையாக வைப்பது காசநோய்க் கிருமிக்கு உறவான, பொதுவாக நோய் உண்டாக்காத மைக்கோபாக்டீரியம் ஸ்மெக்மாட்டிஸ். அது கட்டிதட்டாமல் வளர டுவீன் 80 என்ற சோப்பு போன்ற பொருளைச் சேர்ப்பார்கள். ஆனால் ஃபேஜ் செல்லில் ஒட்டுவதை டுவீன் கெடுக்கும். தொற்றுக்கு வைக்கும் வளர்ப்பில் டுவீன் கூடாது, சிறிது கால்சியம் குளோரைடு வேண்டும். இது தெரியாமல் மண்ணைப் பழித்தவர்கள் உண்டு.

நான் அதிகம் பார்த்தது குமிழிக் குழப்பத்தைத்தான். பாக்டீரியாவையும் வடிகட்டிய மண்கரைசலையும் மேல் அகார் என்ற உருகிய கூழில் கலந்து தட்டில் ஊற்றுவோம். ஃபேஜ் பாக்டீரியாவை அழித்த இடம் தெளிந்த வட்டமாகத் தெரியும், சிக்கிய காற்றுக் குமிழியும் அப்படித்தான் தெரியும். மேல் அகார் கொதிசூடாக இருந்தால் பாக்டீரியா செத்துவிடும். ஆறவிட்டு ஊற்றினால் சரியாகக் கிளறாத உப்புமா போலக் கட்டிகட்டியாக விழும், காற்றும் சிக்கிக்கொள்ளும். ஒரு மாணவி வீட்டுக்கெல்லாம் படம் அனுப்பிவிட்டு வந்து தட்டைக் காட்டினார். விளக்குக்கு எதிரே சாய்த்துப் பார்த்தோம். வட்டத்தின் விளிம்பு கூர்மையாகப் பளபளத்தது, நடுவில் குழி. மண்கரைசல் சேர்க்காத ஒப்பீட்டுத் தட்டு எங்கே என்றேன். ஒரு தட்டை மிச்சப்படுத்துவதற்காக அதைப் போடவில்லையாம். போட்டிருந்தால் அதிலும் இதே குழிகளைப் பார்த்திருப்பார், படமும் போயிருக்காது.

சந்தேகம் வந்தால் வட்டத்தைப் பிப்பெட் நுனியால் தொட்டெடுத்துப் புதிய பாக்டீரியாவோடு ஊற்றுங்கள். ஃபேஜ் என்றால் பெருகும். குமிழி குட்டி போடாது. பெருகினாலும் அவசரம் வேண்டாம், ஒரே வட்டத்தில் இரண்டு ஃபேஜ்கள் கலந்திருக்கலாம். எல்லா வட்டங்களும் ஒரே சாயலில் வரும்வரை, குறைந்தது மூன்று முறையாவது, தனித்து நிற்கும் ஒன்றை மட்டும் எடுத்துத் திரும்ப வளருங்கள். பெயர் சூட்டு விழாவை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம்.