ஃபேஸ்புக் பக்கத்தை எங்கிருந்து நடத்துகிறார்கள் என்று பார்ப்பது எப்படி?

2016 அமெரிக்கத் தேர்தல் சமயத்தில் 'ஹார்ட் ஆஃப் டெக்சாஸ்' என்ற பக்கம் டெக்சாஸ்காரர்களின் குரலாகவே பேசியது. அதை நடத்தியதோ ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் இருந்த, போலிக் கணக்குகள் மூலம் பிரசாரம் செய்த 'இன்டர்நெட் ரிசர்ச் ஏஜென்சி' என்ற நிறுவனம். அன்று வாசகருக்கு இதைக் கண்டுபிடிக்க வழியில்லை. இன்று ஓரளவு இருக்கிறது.

பக்கத்தைத் திறந்து 'அபவுட்' பகுதிக்குப் போங்கள். அங்கே 'பேஜ் டிரான்ஸ்பரன்சி', பிறகு 'சீ ஆல்'. முதலில் பெயர் மாற்ற வரலாற்றைப் பாருங்கள்; குட்டை உடைப்பது பெரும்பாலும் அதுதான். சமையல் குறிப்புப் பக்கமாக ஆள் சேர்த்துவிட்டு, தேர்தல் நெருங்கும்போது அரசியல் பெயர் சூட்டியிருந்தால் எதையும் பகிராதீர்கள். அடுத்து, நிர்வகிப்பவர்கள் இருக்கும் நாடு. அங்கிருந்தே ஃபேஸ்புக் விளம்பரங்களை யாரும் தேடிப் பார்க்கக்கூடிய தொகுப்பான விளம்பர நூலகத்துக்கும் ('ஆட் லைப்ரரி') போகலாம்; அரசியல் விளம்பரம் என்று பதிவாகியிருந்தால் பணம் கட்டியவர் பெயரும் தோராயமான செலவும் தெரியும்.

நாட்டை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள். அமெரிக்கர்களைக் குறிவைத்ததாக 2020 மார்ச்சில் ஃபேஸ்புக் நீக்கிய ஒரு கணக்குக் கூட்டத்தை, ரஷ்யத் தரப்புக்காகக் கானாவிலும் நைஜீரியாவிலும் இருந்தவர்கள் இயக்கினார்கள். சில பக்கங்களில் நாடே காட்டாது. அப்போது தொடங்கிய தேதி, பழைய பதிவுகள், இரண்டையும் ஒப்பிட்டுத்தான் முடிவுக்கு வர வேண்டும்.