ஆழ்கடல் உயிரிகளைச் சேகரிக்கிறீர்களா? ஃபார்மலின் புட்டியைத் திறக்கும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொல்லம் பக்கத்துச் சக்திகுளங்கரையிலும் தூத்துக்குடியிலும் ஆழ்கடல் இறால் பிடிக்கும் விசைப்படகுகள் கரைசேரும்போது, இறாலோடு விலைபோகாத உயிரிகளும் கொட்டப்படும். வயிற்றோரம் ஒளிப்புள்ளி வரிசை கொண்ட லாந்தர் மீன், எலிவால் மீன், தட்டையான ஆழ்கடல் வௌவால் மீன் (சந்தையில் விற்கும் வௌவால் அல்ல), சில சமயம் கையகலத்துக்கு வளர்ந்த, இறால்-நண்டுக்கு உறவான பேத்தினோமஸ். விலங்கியல் மாணவர்கள் ஆர்வத்தோடு அள்ளிப்போகிறார்கள். அவர்கள் கொண்டுவரும் புட்டிகளைத் திறந்தால் ஆண்டுதோறும் அதே தவறுகள். கையுறை போடுங்கள், மூடியை இறுக்குங்கள் என்பதையெல்லாம் விட்டுவிட்டு, மாதிரியையே வீணாக்கும் தவறுகளை மட்டும் பார்ப்போம்.

சதை எடுக்காமல் ஃபார்மலினில் போடுவது

இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது. ஃபார்மலின், அதாவது ஃபார்மால்டிஹைடு கரைசல், உடலின் வடிவத்தைக் காப்பாற்றும், டிஎன்ஏவைக் கெடுக்கும். ஃபார்மால்டிஹைடு புரதங்களையும் டிஎன்ஏவையும் ஒன்றோடொன்று பிணைத்துவிடுகிறது. நாளாக ஆக அதில் ஃபார்மிக் அமிலம் சேர்ந்து, மிச்சமிருக்கும் இழைகளையும் துண்டாக்குகிறது. இனம் காண வழக்கமாகப் படிக்கும் சிஓஐ மரபணுப் பகுதி சுமார் 650 எழுத்து நீளம். பழைய ஃபார்மலின் மாதிரியில் அவ்வளவு நீளத்துக்கு அறுபடாத இழை கிடைப்பது அரிது. சிறு துண்டுகளை மீட்கும் முறைகள் உண்டு. செலவும் உழைப்பும் பல மடங்கு, பலனோ நிச்சயமில்லை.

கடற்கரை மீனென்றால் மறுவாரம் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம். ஆழ்கடல் மீனில் அந்த ஒன்றுதான் பல ஆண்டுகளுக்கு உங்கள் கையில் இருக்கும். அதனால்தான் இந்தத் தவறு இவ்வளவு எரிச்சலூட்டுகிறது.

திமிங்கில மீன்கள் எனப்படும் ஆழ்கடல் மீன்களின் கதையைப் பாருங்கள். 1,000 மீட்டருக்குக் கீழே கிடைத்த பெருவாய் மீன்கள் ஒரு குடும்பம். மேல்மட்டத்தில் கிடைத்த நீண்ட நாடா வால் கொண்ட சிறு மீன்கள் இன்னொரு குடும்பம். மூக்கு மட்டும் பெருத்து, இரைப்பையே இல்லாத மீன்கள் மூன்றாவது குடும்பம் என்று பல பத்தாண்டுகள் பிரித்து வைத்திருந்தார்கள். 2009இல் ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் டேவிட் ஜான்சனும் அவரது குழுவினரும் மூன்றும் ஒன்றே என்று காட்டினார்கள்: முதலாவது பெண், இரண்டாவது குஞ்சு, மூன்றாவது ஆண். உருமாறும் நிலையில் சிக்கிய மீன்களின் உடற்கூறும், புதிதாகப் பிடித்த மீன்களின் டிஎன்ஏவும் சேர்ந்துதான் முடிச்சை அவிழ்த்தன. ஃபார்மலினில் ஊறிய பழைய சேகரிப்பை மட்டும் நம்பியிருந்தால் டிஎன்ஏ பக்கம் போயிருக்கவே முடியாது.

செய்ய வேண்டியது பத்து நிமிட வேலை. பனிக்கட்டியிலிருந்து எடுத்ததும் முதலில் படம், அடுத்து சதை, அதன்பிறகே ஃபார்மலின். மீனின் இடப்பக்கத்தைத் தொடாதீர்கள். படமும் விவரிப்பும் அந்தப் பக்கத்துக்குத்தான். வலப்பக்கத்தில், முதுகுத் துடுப்புக்குக் கீழே தோலை விலக்கி, பாசிப்பயறு அளவுக்குச் சதை எடுங்கள். லாந்தர் மீனில் ஒளிப்புள்ளிகளின் வரிசைதான் இனத்தைச் சொல்லும். கத்தி அங்கே போகக் கூடாது. இறாலில் வலப்பக்கத்து நான்காம் நீச்சல் காலை வெட்டிக்கொள்ளலாம். ஆண் இறாலின் முதல் இரண்டு நீச்சல் கால்களில்தான் இன அடையாளம் இருக்கிறது, அவற்றை விட்டுவிடுங்கள். ஒரு மாதிரிக்கும் அடுத்ததற்கும் இடையில் கத்தியை 10% பிளீச்சில் முக்கி, நன்னீரில் கழுவித் துடையுங்கள். இல்லையென்றால் முந்தைய மீனின் டிஎன்ஏ அடுத்த மீனின் பெயரில் பதிவாகும்.

எத்தனால் 95 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். சதை ஒரு பங்கு என்றால் எத்தனால் குறைந்தது பத்துப் பங்கு. கடையில் விற்கும் சானிடைசர் ஆகவே ஆகாது: சுமார் 70% ஆல்கஹால்தான், கிளிசரினும் கலந்திருக்கும். இன்னொன்றையும் மறந்துவிடுகிறார்கள். ஆழ்கடல் மீன்கள் பலவற்றின் சதை நீர் கோத்துக் கொழகொழவென்று இருக்கும். அந்த நீர் வெளியேறி எத்தனாலை நீர்த்துவிடும். 24 மணி நேரம் கழித்துப் பழையதைக் கொட்டிப் புதிது ஊற்றி, -20 டிகிரியில் வையுங்கள். சதைக் குப்பிக்கும் உடல் இருக்கும் புட்டிக்கும் ஒரே எண். எண் இல்லாத சதை எதற்கும் உதவாது.

அமிலமான ஃபார்மலின்

கடையில் கிடைக்கும் ஃபார்மலின் ஒரு பங்கு, கடல்நீர் ஒன்பது பங்கு. இதுதான் 10% ஃபார்மலின். அதில் 2 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி போராக்ஸ் போட்டு, பிஎச் 7க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். போடாமல் விட்டால் மீனின் செவிக்கல் கரையும், எலும்பு இளகும். அள்ளிப் போட்டாலும் கெடுதல்தான், சதை கண்ணாடி போல ஆகிவிடும்.

கடல் அட்டை கெட்டால் முற்றிலும் நஷ்டம். அதன் தோலில் புதைந்த நுண் சுண்ணத் துகள்களின் வடிவத்தை வைத்தே இனம் காண்கிறோம். அமிலத்தில் அவை தடயமில்லாமல் கரைந்துபோகும். அட்டைக்கு எத்தனால்தான் பாதுகாப்பு. ஆனால் இந்தியக் கடலில் எல்லாக் கடல் அட்டைகளும் 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் பட்டியலில் இருப்பவை. அனுமதி இல்லாமல் கை வைக்காதீர்கள்.

ஜெல்லிமீனை ஆல்கஹாலில் போடுவது

சுருங்கிப்போகும். மற்ற மாதிரிகளைப் போலப் பிறகு ஆல்கஹாலுக்கு மாற்றாமல், 5% ஃபார்மலினிலேயே நிரந்தரமாக வையுங்கள். சீப்பு ஜெல்லிகளில் பல அதிலும் கரைந்துவிடும். படம் எடுத்து, ஒரு துண்டை எத்தனாலில் வைப்பதோடு சரி.

நிறத்தை அப்புறம் குறித்துக்கொள்ளலாம் என்று விடுவது

அப்புறம் நிறம் இருக்காது. ஆழ்கடல் இறாலின் சிவப்பு ஆல்கஹாலில் கரையக்கூடியது.

வலையில் வந்த உருவத்தை உயிருள்ள உருவமாக நம்புவது

பிதுங்கிய கண்ணும் வாய்வழி வெளியே தள்ளிய இரைப்பையும் அழுத்தம் குறைந்ததன் விளைவு. அதை மீனின் இயல்பு என்று குறிப்பேட்டில் எழுதாதீர்கள், இரைப்பையை உள்ளே திணிக்கவும் செய்யாதீர்கள். 2003இல் டாஸ்மன் கடல் ஆய்வுப் பயணத்தில் வலையில் வந்த பிளாப் மீனின் படம் உலகெங்கும் பரவி, 2013இல் அதற்கு ‘மிக அசிங்கமான விலங்கு’ என்று பட்டமே கொடுத்துவிட்டார்கள். கடலடியில் அது சாதாரணமாக மீன் வடிவில் இருக்கும் உயிரி. மேக்ரோபின்னா என்ற குழாய்க்கண் மீனை 1939இல் விவரித்தார்கள். அதன் தலையை மூடிய ஒளி ஊடுருவும் கவசம் வலையில் கிழிந்தே வந்ததால், கண்கள் ஒரே நிலையில் பொருந்தியவை என்றே எண்ணினார்கள். உயிருள்ள மீனைப் பார்த்த கலிஃபோர்னியாவின் மான்டரே விரிகுடா ஆய்வாளர்கள், அந்தக் கண்கள் கவசத்துக்குள் சுழல்கின்றன என்று 2008இல்தான் எழுதினார்கள்.

வாயில் இருக்கும் இரையும் அப்படித்தான். வலைக்குள் நெருக்கியடிக்கும்போது கவ்வியதாக இருக்கலாம். இரைப்பைக்குள் பாதி செரித்துக் கிடப்பதை மட்டும் உணவாகக் கணக்கில் எடுங்கள்.

ஜெல் பேனா லேபிள்

ஆல்கஹாலில் மை ஓடிவிடும். பென்சில் போதும், சீட்டு புட்டிக்கு உள்ளே இருக்கட்டும்.

‘400 மீட்டரில் வாழ்கிறது’ என்று எழுதுவது

இழுவலை மேலே வரும் வழியெல்லாம் வாய் திறந்தே வருகிறது. 400 மீட்டரில் இழுத்த வலையில் 100 மீட்டரில் திரிந்த மீனும் இருக்கும். லாந்தர் மீன்கள் பல இரவில் மேலேறி வருபவை என்பதால் இன்னும் குழப்பம். படகு ஓட்டுநரிடம் வலை போட்ட இடம், நேரம், ஆழம் மூன்றையும் கேட்டு, ‘வலை இழுத்த ஆழம் 350–400 மீ., இரவு’ என்று மட்டும் சீட்டில் எழுதுங்கள்.