விர்ச்சுவல் மெஷின் இம்போர்ட்டில் அனுமதிப் பிழையா?

லினக்ஸில், கணினிக்குள் இன்னொரு கணினியை மென்பொருளாக ஓட்டும் விர்ச்சுவல்பாக்ஸுக்குள் பழைய விர்ச்சுவல் மெஷினை இம்போர்ட் செய்யும்போது 'அனுமதி மறுக்கப்பட்டது' என்று நின்றால், தயவுசெய்து சூடோ (sudo, நிர்வாகி உரிமையில் இயக்கும் கட்டளை) போட்டு விர்ச்சுவல்பாக்ஸைத் திறக்காதீர்கள். அந்த மெஷின் ரூட் (நிர்வாகி) கணக்கின் கீழ் போய்விடும். அப்புறம் உங்கள் கணக்கில் பட்டியலிலேயே தெரியாது.

முதலில் இம்போர்ட் செய்யும் கோப்பின் உரிமையாளர் யார் என்று பாருங்கள். சூடோ போட்டு காப்பி செய்த கோப்பு என்றால் பெரும்பாலும் ரூட் பெயரில்தான் இருக்கும். உரிமையாளரை மாற்றும் chown கட்டளையால் உங்கள் பெயருக்கு மாற்றினால் சரி. கோப்பு எக்ஸ்ஃபேட் (exFAT) முறையில் ஃபார்மேட் செய்த பென்டிரைவில் இருந்தால் இந்த மாற்றம் எடுபடாது; ஹோம் ஃபோல்டருக்கு காப்பி செய்துவிட்டு அங்கிருந்து ஏற்றுங்கள்.

இன்னும் பிழை வந்தால், மெஷின்கள் சேமிக்கப்படும் ஃபோல்டரில் எழுத உங்களுக்கு அனுமதி இருக்கிறதா என்று பாருங்கள். பலர் கவனிக்காமல் விடும் இடம் இதுதான்.